பிரிவது என்று பேசி முடித்தாச்சு, ஒப்பந்தத்தில் என்னென்ன எழுத வேண்டும்?

கோட்டையூர்க்காரி:
எல்லாருக்கும் வணக்கம். நானும் வீட்டுக்காரரும் பிரிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவர் சிங்கப்பூரில், நான் மகளோடு அப்பச்சி (அப்பா) வீட்டில். இரண்டு பக்கப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, வம்பு வழக்கு இல்லாமல் பிரிந்துகொள்ளலாம் என்று முடிவாகிவிட்டது. இப்போது அவர்கள் பக்கம் 20 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்கிறார்கள். "எனக்குச் சேர வேண்டிய சகலமும் பெற்றுக்கொண்டேன், இனி ஒருவர் மேல் ஒருவருக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று ஒரே பாராவில் முடிகிறது. ஆனால் என் சாமான் முழுக்க மாமியார் வீட்டு வளவில் (உள்முற்றத்தைச் சுற்றிய பகுதி) எங்கள் அறையில் பூட்டிக் கிடக்கிறது, வைரத்தோடும் கழுத்திருவும் (கல்யாணத் தாலி நகை) அவர் பெயரில் இருக்கும் லாக்கரில். காரைக்குடியில் ஒரு மனையும் தருவதாகச் சொன்னார்கள், அது எழுத்தில் இல்லை. மகளைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. இதில் கையெழுத்துப் போட்டால் விவாகரத்து ஆகிவிடுமா?

தேவகோட்டை குமாஸ்தா:
போடாதீங்க அம்மா. பத்திரத்தில் எழுதி நோட்டரி முத்திரை வைத்தாலும் அது விவாகரத்து ஆகாது, நாளைக்கு யாராவது மறுமணம் செய்தால் சிக்கல் அங்கேதான் வரும். இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவில் இரண்டு பேரும் சேர்ந்து மனுப் போட வேண்டும், அதற்கு ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும், உங்களுக்கு அது ஆகிவிட்டது. மனுவுக்கு அப்புறம் ஆறு மாதம் காத்திருப்பு, எல்லாம் பேசித் தீர்ந்திருந்தால் அதைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கல்யாணம் நடந்த ஊரை வைத்தே இங்கே மனுப் போடலாம், அவர் வீடியோ மூலம் ஆஜராக அனுமதி கேட்கலாம். கல்யாணத்துக்கு ஆதாரமாக பத்திரிகை, போட்டோ, இசைகுடிமானம் (இரு வீட்டாரும் எழுதிக்கொண்ட கல்யாண ஒப்பந்தம்) எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

ஒப்பந்தத்தை மனுவோடு சேர்த்துத் தாக்கல் செய்ய வேண்டும், அப்போதுதான் தீர்ப்பில் அது ஒரு பகுதியாகும். பணத்தைப் பாதி முதலில், மீதி கடைசி வாக்குமூலத்தன்று கோர்ட்டில் டிடியாக என்று தேதியோடு எழுதுங்கள். தீர்ப்பு வரும்வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், அதனால் இந்த வரிசை முக்கியம். மனை என்றால் வாய்ச்சொல் செல்லாது, சர்வே நம்பர், அளவு, நான்கு மால் (நாலு பக்க எல்லை) எல்லாம் வர வேண்டும், தனியாகப் பதிவும் செய்ய வேண்டும். தீர்ப்புக்கு முன்னாலேயே செட்டில்மெண்ட் பத்திரமாகப் பதிந்தால் நல்லது, மனைவி என்ற உறவு இருக்கும்போது குடும்பத்துக்குள் கொடுப்பதாகக் கணக்கு, முத்திரைக் கட்டணம் நிறையக் குறையும். ஒன்று பாருங்கள், மனை அவர் சொந்தப் பெயரில் இருக்கிறதா, பங்காளிகளோடு பொதுவில் இருக்கிறதா? பொதுச் சொத்தென்றால் அவர் தனியாக எழுதிக் கொடுத்துப் பயனில்லை. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஆத்தங்குடி ஆச்சி:
தங்கச்சி, "சகலமும் பெற்றுக்கொண்டேன்" என்ற வரியை முதலில் அடிக்கச் சொல். கைக்கு வராததை வந்தது என்று ஏன் எழுதணும்? கல்யாணத்தில் அப்பச்சி வீட்டில் கொடுத்தது உன் ஸ்ரீதனம், அவர்கள் கையில் இருந்தாலும் சொந்தம் உனக்குத்தான், 1985இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கல்யாணத்தில் சீர்ச் சாமான் பரப்பி வைத்தபோது எழுதிய சிட்டை (பட்டியல்) அப்பச்சி பெட்டியில் இருக்கும், தேடி எடு. எனக்கு அந்தச் சிட்டைதான் கைகொடுத்தது. நகை என்றால் மொத்தமாக இத்தனை பவுன் என்று விடாமல், ஒவ்வொன்றாகப் பெயர், எடை, வைரத்துக்குக் கல் எண்ணிக்கை எழுது. வெள்ளி தனி, பித்தளை தனி, மங்குச் (பீங்கான்) சாமான் தனி. எந்தத் தேதியில் அறையைத் திறப்பது, சாவி யார் கையில், இரண்டு பக்கமும் யார் நிற்பது, லாரி வாடகை யார் கொடுப்பது, இதெல்லாம் அற்பமாகத் தெரியும், அன்றைக்குச் சண்டை வருவது அங்கேதான். எண்ணி வாங்கிய பிறகு ரசீது கொடு, அதற்கு முன்னால் வேண்டாம்.

பள்ளத்தூரான்:
மகள் விஷயத்தை யாரும் தொடவில்லையே. பிள்ளைக்குச் சேர வேண்டிய பராமரிப்பை அம்மாவோ அப்பாவோ விட்டுக்கொடுத்து எழுத முடியாது, எழுதினாலும் கோர்ட் பிறகு மாற்றலாம். "செலவை அப்பா பார்த்துக்கொள்வார்" என்று பொதுவாக எழுதினால் முதல் ஃபீஸ் கட்டும்போதே தகராறு. மாதம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் எந்தக் கணக்கில், வருடத்துக்கு எவ்வளவு கூடும், காலேஜ், ஆஸ்பத்திரிச் செலவு தனியா, எல்லாம் வரட்டும். அவர் ஊருக்கு வரும்போது பிள்ளையைப் பார்ப்பது எப்படி, வாராவாரம் வீடியோவில் பேசுவது எந்த நேரம், பாஸ்போர்ட் புதுப்பிக்க அவர் சம்மதம் தருவாரா, அதையும் சேருங்கள். பிள்ளைக்கு அப்பா வேணும், அதில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள்.

கோட்டையூர்க்காரி:
ரொம்ப நன்றி. சிட்டை கிடைத்துவிட்டது, ஆத்தா பத்திரமாக வைத்திருந்தார்கள். மனை அவர் மட்டும் வாங்கியதுதான், வில்லங்கம் போடச் சொல்லிவிட்டேன். அவர் பக்கத்து வக்கீலே எனக்கும் சேர்த்துப் பார்க்கலாம் என்கிறார்களே, செலவு மிச்சம் என்று?

தேவகோட்டை குமாஸ்தா:
வேண்டாம், உங்களுக்கென்று தனியாக ஒருவர் படித்துப் பார்க்கட்டும். செலவுதான் கவலை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். போகும்போது சிட்டையின் நகலையும் அவர்கள் எழுதிக் கொடுத்த அந்த 20 ரூபாய்ப் பத்திரத்தையும் கொண்டுபோங்கள்.