மதுவிலக்குக் காலத்து கேங்ஸ்டர் படங்களில் உண்மைக் கதை எது? போயா இரவுக்கு ஒரு படம் சொல்லுங்கள்

உப்புவெளியான்:

வணக்கம். உப்புவெளியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து மாதத்தில் ஒரு நாள், பெரும்பாலும் போயா (முழுநிலா நாள்) இரவில், நண்பர் ஒருவரின் மொட்டைமாடியில் புரொஜெக்டர் வைத்துப் படம் பார்க்கிறோம். போன முறை 1987இல் வந்த 'தி அன்டச்சபிள்ஸ்' போட்டோம். சாராயக்கடை எல்லாம் பூட்டிக் கிடக்கும் நாளில் மதுவிலக்குப் படம் பார்ப்பது நல்ல பொருத்தம் என்று ஆரம்பத்தில் சிரித்தோம். படம் முடிந்த பிறகுதான் சண்டை. மதுவிலக்கு அதிகாரி எலியட் நெஸ் உண்மையிலேயே கபோனின் ஆள் பிராங்க் நிட்டியைக் கூரையில் இருந்து தள்ளிவிட்டாரா, சிக்காகோவின் கள்ளச்சாராயக் கும்பல் தலைவன் அல் கபோனைப் பிடித்தது அவர்தானா என்று ஆளுக்கொரு கதை. எங்களோடு படம் பார்க்கிற ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர், "இதெல்லாம் புளுகு, உண்மை வேண்டுமென்றால் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் பாருங்கோ" என்று அடித்துச் சொல்லிவிட்டார்.

அதனால் கேட்கிறேன். 1930களில் இருந்து 60கள் வரை வந்த, நிஜ ஆட்களின் வாழ்க்கையை வைத்து எடுத்த படங்களில் எதைப் போடலாம்? 1932 'ஸ்கார்ஃபேஸ்' கபோனின் கதைதானா? இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிய வேண்டும், அதற்கு மேல் நுளம்பு விடாது. டில்லிஞ்சர் படமும் நல்லது என்று ஒருவர் சொன்னார், அதையும் சேர்க்கலாமா?

கோட்டைவாசல்:

முதலில் உங்கள் சண்டையைத் தீர்த்து விடுகிறேன். நிட்டி கூரையில் இருந்து விழவே இல்லை. அவர் 1943 வரை இருந்தார், கடைசியில் தன்னைத் தானே சுட்டுக்கொண்டார். ஆகவே மாஸ்டர் பாதி சரி. மற்றப் பாதி என்னவென்றால், பழைய படங்களும் நிறையப் புளுகுகின்றன, ஆனால் வேறு இடங்களில்.

'ஸ்கார்ஃபேஸ்' எடுக்கும்போது கபோன் உயிரோடு இருந்தார், அதனால் பெயரை டோனி கமோன்டே என்று மாற்றினார்கள். மற்றபடி சம்பவங்கள் பெரும்பாலும் சிக்காகோ பத்திரிகைகளில் வந்தவை. பழைய முதலாளியைக் கொல்வது 1920இல் கொலோசிமோவுக்கு நடந்தது. பூக்கடைக்காரன் சாவது 1924இல் டீன் ஓபேனியன் தன் சொந்தப் பூக்கடையிலேயே சுடப்பட்டது. சுவரோடு வரிசையாக நிறுத்திச் சுடுவது 1929 பெப்ரவரி 14இல் நடந்த காதலர் தினப் படுகொலை. எழுதிய பென் ஹெக்ட் சிக்காகோவில் நிருபராக இருந்தவர், ஊரை அவருக்குத் தெரியும். ஆனால் ஆளின் குணம், தங்கச்சி மேல் இருக்கிற அந்த விசர்த்தனம், கடைசிச் சாவு எல்லாம் கற்பனை. நிஜக் கபோன் வீதியில் சுடப்பட்டுச் சாகவில்லை, 1947இல் புளோரிடாவில் தன் வீட்டில், நோய் முற்றி, புத்தி பேதலித்த நிலையில் இறந்தார். பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஒவ்வொரு சாவுக்கும் எங்காவது ஒரு பெருக்கல் குறி தெரியும், நிழலிலோ சுவரிலோ. பத்திரிகைகளில் பிணம் கிடந்த இடத்தை அப்படித்தான் குறித்துப் போட்டார்கள். போரிஸ் கார்லோஃப் சாகும் காட்சியில் அது பௌலிங் ஸ்கோர் தாளில் வரும்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் 1959இல் வந்த 'அல் கபோன்', ரொட் ஸ்டைகர் நடித்தது. அதில் சிக்காகோச் சண்டியர்களின் நிஜப் பெயர்களையே போடுகிறார்கள்: டொரியோ, கொலோசிமோ, ஓபேனியன், வைஸ், மோரன். எனக்கு அதில் பிடித்த விஷயம் வயது. கபோன் சிக்காகோக் கும்பலின் தலைவராக வந்தபோது அவருக்கு 26, தண்டனை கிடைத்தபோது 32. எவ்வளவு சின்ன வயது என்று யோசித்துப் பாருங்கள். நாங்கள் பார்க்கிற படங்களில் எல்லாம் அவர் நாற்பத்தைந்து வயதுப் பெரிய மனிதராகத்தான் வருகிறார், 1987 படத்தின் டி நிரோவும் அப்படித்தான். ஸ்டைகருக்கு அப்போது முப்பத்துமூன்று, முப்பத்துநான்கு இருக்கும். திடீரென்று காசு கண்ட இளந்தாரிச் சண்டியனின் அவசரமும் அலட்டலும் அவரிடம்தான் இருக்கிறது. குறை சொல்வதென்றால், நிஜ மனைவி மே படத்தில் இல்லை. பதிலுக்குத் தன்னால் செத்த ஒருவனின் விதவையோடு ஒரு காதலை ஒட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் காட்சிகளில் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போடலாம்.

துறைமுகத் தம்பி:

டில்லிஞ்சர் சேராது அண்ணை. மதுவிலக்கு 1920 ஜனவரியில் அமலுக்கு வந்து 1933 டிசம்பர் 5இல் நீக்கப்பட்டது. டில்லிஞ்சரின் ஆட்டம் 1933 நடுப்பகுதியில்தான் தொடங்கியது, 1934 ஜூலையில் சிக்காகோ பயோகிராஃப் தியேட்டர் வாசலில் முடிந்தது. அவர் வங்கிக் கொள்ளைக்காரர், சாராயத்தோடு சம்பந்தமில்லை. பொனி, கிளைட் இருவரும் அப்படித்தான். தொப்பியும் பழைய காரும் இருந்தால் மதுவிலக்குப் படம் என்று இணையத்தில் ஒரே கூடைக்குள் போட்டு வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, அமெரிக்காவில் குடிப்பது குற்றமாக இருக்கவில்லை. வடிப்பது, விற்பது, கொண்டுபோவதுதான் குற்றம். படம் பார்க்கிற எல்லாருக்கும் இதை முதலே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் போலீஸ்காரர் முன்னாலேயே எப்படிக் குடிக்கிறார்கள் என்று நடுவில் கேட்பார்கள். நான் பார்த்த இடத்தில் கேட்டார்கள்.

பேரேடு:

நான் கணக்காய்வில் இருந்து ஓய்வு பெற்றவன், அதனால் என் பார்வை கொஞ்சம் கோணலாக இருக்கலாம். இந்தப் படங்கள் எல்லாவற்றிலும் எனக்கு ஒரே மனக்குறை: துவக்கைக் காட்டுகிறார்கள், பேரேட்டைக் காட்டுவதில்லை. கபோனை விழுத்தியது பேரேடு.

நெஸ் மதுவிலக்குப் பிரிவுக்காரர். பியர் வடிசாலைகளை உடைத்தார், அது உண்மை. 1931 ஜூனில் அவர் தரப்பு வேலையால் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் 5,000 குற்றங்கள் சுமத்தப்பட்டன, ஆனால் அவை விசாரணைக்கே வரவில்லை. வழக்கை நடத்தி வென்றது வரிக்காரர்கள். பிராங்க் வில்சன் என்று ஒருவர், நம்மூர்க் கணக்கில் இறைவரித் திணைக்களத்து ஆள் என்று வையுங்கள். பழைய சோதனையில் பிடித்து மறந்துபோய்க் கிடந்த கணக்குப் புத்தகங்களைக் கிளறி எடுத்து, அதை எழுதிய கணக்காளரைத் தேடிப் பிடித்துச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். வேடிக்கை என்னவென்றால் அது சாராயக் கணக்கே இல்லை, சிசெரோவில் இருந்த சூதாட்டக் கடை ஒன்றின் கணக்கு. களவாய் உழைத்த காசுக்கும் வரி கட்ட வேண்டும் என்று 1927இல் சலிவன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பு இல்லாவிட்டால் வில்சனால் ஒன்றும் செய்திருக்க முடியாது. தண்டனை 11 வருடம், 50,000 டொலர் அபராதம்.

ஜூரிகளைக் கடைசி நேரத்தில் மாற்றினார்களே, 1987 படத்தில் மிகச் சினிமாத்தனமாகத் தெரிகிற இடம், அது நடந்தது. நீதிபதி வில்கர்சன் வேறொரு வழக்கின் ஜூரிகளோடு மாற்றிக்கொண்டார். ஆனால் படத்தில் வருவதுபோல வழக்கறிஞர் திடீரென்று எழுந்து குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. விசாரணை முழுதாக நடந்துதான் தீர்ப்பு வந்தது.

இதைப் படமாக எடுத்தவர்கள் உண்டு. 1949, 'தி அண்டர்கவர் மேன்', இயக்கியவர் ஜோசப் எச். லூயிஸ், நடித்தவர் கிளென் ஃபோர்ட். கதையைப் போருக்குப் பிந்திய காலத்துக்கு நகர்த்திவிட்டார்கள், கபோன் என்ற பெயரே வராது, 'பெரியவர்' என்று மட்டும் சொல்வார்கள், முகத்தையும் காட்ட மாட்டார்கள். ஆகவே கறாராகப் பார்த்தால் இது கபோனின் வாழ்க்கைப் படம் இல்லை. ஆனால் எழுதிய கணக்காளனின் கையெழுத்தை ஒப்பிடுவது, சாட்சி சொல்லப் பயந்து ஓடுகிற குமாஸ்தாவின் குடும்பம் என்று வேலை எப்படி நடந்திருக்கும் என்பதை இதைப்போல வேறெதுவும் சொல்லவில்லை. ஒன்றரை மணித்தியாலத்துக்கும் குறைவு. நுளம்புக்கும் நல்லது.

கோட்டைவாசல்:

பேரேடு ஐயா சொன்ன படம் அருமைதான், மறுக்கவில்லை. ஆனால் முதல் தடவை பார்க்கிற கூட்டத்துக்கு டொமி துவக்கு ஒன்றாவது வெடிக்க வேண்டாமா?

சல்லிக்காரன்:

கபோனை விட்டால் ஆளே இல்லையா? நியூயோர்க் பக்கம் வாருங்கோ. 1960இல் பட் பொட்டிச்சர் எடுத்த 'தி ரைஸ் அண்ட் ஃபால் ஒஃப் லெக்ஸ் டயமண்ட்', ரே டான்டன் நடித்தது. உண்மை எத்தனை வீதம் என்று கேட்டால் குறைவுதான். ஆனால் மனிதரின் சாரம் இருக்கிறது. நிஜ ஜாக் டயமண்ட் பல முறை சுடப்பட்டும் பிழைத்தவர், தன்னைச் சாகடிக்க முடியாது என்று அவரே நம்பும் அளவுக்கு. 1931 டிசம்பரில் ஒரு வழக்கில் விடுதலையாகி, அன்றிரவு குடித்துக் கொண்டாடி, விடியப்புறம் அல்பனியில் வாடகை அறையில் தூங்கும்போது தலையில் சுட்டார்கள், அதோடு சரி. தம்பி எடி காசநோயில் இறந்ததும் நிஜம். படத்தில் அந்தத் தம்பியை அவர் எப்படிக் கைவிடுகிறார் என்பதைப் பாருங்கள், எந்தக் கொலைக் காட்சியையும்விட மோசமாக இருக்கும்.

அதில் ஒரு இடம் எனக்கு மறக்காது. டயமண்ட் ஐரோப்பாவுக்குப் போய் ஊர் ஊராகத் தியேட்டரில் உட்கார்ந்து செய்திப்படம் பார்க்கிறார். அமெரிக்காவில் சண்டியர்கள் எல்லாரும் ஒரே கம்பனியாகச் சேர்ந்துவிட்டார்கள், தனி ஆளுக்கு இடமில்லை என்பது அவருக்கு அங்கே இருட்டில் இருந்துதான் விளங்குகிறது. ஒரு வரி வசனம் தேவைப்படவில்லை. திரும்பி வந்த பிறகும் மனிதர் பழைய கணக்கிலேயே மிரட்டிக்கொண்டு திரிவார்.

பேரேடு ஐயாவுக்கு ஒன்று: துவக்கைவிட அதிகம் பேரைக் கொன்றது போத்தல். தொழிற்சாலை அல்ககோலைக் குடிக்க முடியாதபடி அரசாங்கமே நஞ்சு கலக்கச் சொன்னது, கள்ளவியாபாரிகள் அதை அரைகுறையாகச் சுத்தம் செய்து விற்றார்கள், சனம் கண் இழந்தது, செத்தது. கசிப்பு கேள்விப்பட்ட ஊர்க்காரருக்கு இது புதிதில்லை. இந்தப் படங்களில் அதைப் பற்றி மூச்சே இல்லை.

உப்புவெளியான்:

எல்லாருக்கும் நன்றி. மாஸ்டருக்கு இதை அப்படியே வாசித்துக் காட்டினேன், நிட்டி விஷயத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார், ஸ்டைகரின் காதல் பகுதியை மட்டும் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டார். இன்னும் ஒன்று: ரோஜர் கோர்மனின் 1967 படம், காதலர் தினப் படுகொலை பற்றியது, கலர்ப் படம். அது எப்படி?

கோட்டைவாசல்:

கபோனாக ஜேசன் ரொபார்ட்ஸ் பொருந்தவே மாட்டார், ஆள் மெலிவு. கோர்மன் முதலில் கேட்டது ஓர்சன் வெல்ஸை. ஆனால் தகவலுக்கு அந்தப் படம்தான் கெட்டிக்காரன். ஒவ்வொருவரும் திரைக்கு வரும்போது பின்னணிக் குரல் இவன் யார், என்ன செய்தான், எப்படிச் சாவான் என்று பொலிஸ் குறிப்பு வாசிப்பதுபோல வாசிக்கும். கபோனின் எதிரி மோரன் என்று நினைத்து வேறொருவனைக் கண்டு சைகை கொடுத்த குழப்பம், பொலிஸ் உடுப்பில் வந்ததால் ஏழு பேரும் பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றது எல்லாம் கிட்டத்தட்ட நடந்தபடி. அதில் ஒருவன், பிராங்க் கூசன்பேர்க், ஆஸ்பத்திரியில் சில மணித்தியாலம் உயிரோடு இருந்தும் யார் சுட்டது என்று வாயே திறக்கவில்லை.

என் ஆலோசனை: இந்த மாதம் ஸ்டைகர், அடுத்த போயாவுக்கு பேரேடு ஐயாவின் 1949 படம். ஒரே வழக்கை முதலில் சண்டியன் பக்கமிருந்தும் பிறகு வரிக்காரன் பக்கமிருந்தும் பார்க்கலாம்.

பேரேடு:

வரிசையை மாற்றாமல் இருந்தால் சரி. 1949 படத்தைப் போடுகிற அன்று எனக்கும் ஒரு கதிரை வையுங்கள், ஓர்ஸ் ஹில்லில் இருந்து ஓட்டோவில் வந்துவிடுவேன். புரொஜெக்டருக்கு ஸ்பீக்கர் தனியாக இருக்கிறதா? அந்தப் படத்தில் ஆட்கள் தணிந்த குரலில்தான் கதைப்பார்கள், கடல் காற்றில் ஒன்றும் கேட்காது.