பார்ட்ஸ் கேட்சருக்கு ‘உருப்படி ஏந்தி’, சிப்புக்குச் ‘சீவல்’

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

லேத் என்னும் கடைசல் இயந்திரத்தில் கடைந்து முடித்த சிறு பொருள்களைப் பெற்றுக்கொள்ளும் ‘பார்ட்ஸ் கேட்சர்’ என்னும் அமைப்புக்குப் ‘பாகம் பிடிப்பான்’ என்று நண்பர் ஒருவர் பரிந்துரைத்திருந்தார். கேட்டவுடன் பொருள் விளங்கும் சொல்தான். ஆயினும் அதன் இரு பகுதிகளும் அந்த அமைப்பு செய்யும் வேலையோடு பொருந்தவில்லை என்பது என் கருத்து.

கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் சி.என்.சி. லேத்தில் நீண்ட கம்பி, ஸ்பிண்டில் என்னும் சுழல்தண்டின் துளை வழியாக முன்னே வருகிறது. அதன் முனையில் பொருள் உருவானதும், பார்ட்டிங் டூல் என்னும் அறுப்பு உளி அதைக் கம்பியிலிருந்து அறுத்து விடுகிறது. அறுபடுவதற்குச் சற்று முன்பாக, பெரும்பாலும் காற்றழுத்த சிலிண்டரால் இயங்கும் ஒரு சிறு தட்டு கீழிருந்து எழுந்து வந்து நிற்கிறது. பொருள் அதில் விழுந்த பின் தட்டு பின்வாங்கிச் சரிந்து, அதைப் பெட்டிக்குள் உருட்டி விடுகிறது. இந்த வேலையில் எந்தக் கட்டத்திலும் தட்டு எதையும் பிடிப்பதில்லை. பிடிப்பவை, கம்பியை இறுக்கிப் பற்றும் சக்கும் காலெட்டும். அவற்றைப் பற்றி எழுத ‘பிடி’ என்ற வினை நமக்கு அன்றாடம் தேவைப்படும். விழுவதைக் கீழிருந்து பெற்றுக்கொள்வதற்கு ‘ஏந்து’ என்ற வினை ஏற்கெனவே நம்மிடம் உள்ளது. ‘தாங்கி’ என்று வைக்கலாமே என்றால், அது பேரிங்குக்கு உரியதாக நிலைத்துவிட்டது.

‘பாகம்’ என்பதும் இடறுகிறது. கடைந்தெடுத்த ஓர் ஊசியோ வளையமோ வேறொன்றின் பாகமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. பட்டறையில் ‘ஜாப்’ என்ற ஒரே சொல், சக்கில் சுழன்றுகொண்டிருக்கும் பொருளையும் பெட்டியில் விழுந்த பொருளையும் குறிக்கிறது; பேச்சுக்கு அது போதும், கையேட்டுக்குப் போதாது. சுழலும் வரை அது பணிப்பொருள். அறுபட்டு விழுந்த பின், எண்ணிக் கணக்கு வைக்கத் தக்க உருப்படி. ஆகவே ‘உருப்படி ஏந்தி’ என்று முன்மொழிகிறேன். சாதாரண லேத்திலும் இந்தச் சொல் கைகொடுக்கும்: துளையுள்ள வளையங்களை அறுக்கும்போது, லேத்தின் மறுமுனையில் உள்ள டெயில்ஸ்டாக்கில் மெல்லிய கம்பி ஒன்றைப் பொருத்தி, அதன் முனையைத் துளைக்குள் தொடாமல் நீட்டி வைப்பார்கள், அறுபட்ட வளையம் கீழே விழாமல் கம்பியில் தொங்கும். அதை ‘ஏந்து கம்பி’ எனலாம்.

இனி ‘சிப்’, அதாவது உளி வெட்டும்போது பணிப்பொருளிலிருந்து உரிந்து வரும் உலோகக் கழிவு. இதற்கு நான் முன்மொழிவது ‘சீவல்’. இதை உருப்படியோடு சேர்த்தே தீர்மானிக்க வேண்டும். ஏனென்றால் ஏந்தியின் வெற்றி தோல்வியே இவை இரண்டையும் பிரித்து வைப்பதில்தான் இருக்கிறது. மென் எஃகு, ஸ்டெயின்லெஸ் எஃகு போன்றவற்றிலிருந்து வரும் நீண்ட நாடாக்கள் சக்கைச் சுற்றிக்கொள்கின்றன. தட்டில் பந்தாகத் திரண்டு, விழும் உருப்படியை வெளியே தள்ளிவிடுகின்றன. அப்படித் தவறி விழுந்த சிறு எஃகு ஊசியைக் குவியலுக்குள்ளிருந்து காந்தத்தைக் கொண்டு பிரித்தெடுக்கவும் முடியாது, குவியலும் எஃகுதானே. தட்டு முன்கூட்டியே எழுந்து காத்திராமல் அறுபடும் தறுவாயில் எழுவதும், குளிர்விக்கும் திரவமான கூலன்டும் பொடியும் வடிந்துபோக அதன் அடியில் துளைகள் இருப்பதும் இதனால்தான்.

சிப்புக்குச் ‘சில்லு’ என்ற பரிந்துரையை ஏற்க இயலவில்லை. மின்னணுவியலில் அது வேரூன்றிவிட்டது; அந்தச் சில்லுகள் இதே இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியிலும் இருக்கின்றன. ‘சில்லுகளை அகற்றவும்’ என்று கையேட்டில் எழுதிவிட்டு, எந்தச் சில்லு என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. ‘பிசிறு’ என்பதை ‘பர்’ எனப்படுவதற்கு விட்டுவைக்க வேண்டும்: பணிப்பொருளின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு நிற்பது பிசிறு, அதைவிட்டுப் பிரிந்து போவது சீவல். வார்ப்பிரும்பும் பித்தளையும் பொடியாகத்தானே உதிர்கின்றன, சீவல் என்றால் மெல்லிய ஏடு அல்லவா என்ற ஐயம் எழலாம். சீவுவதால் வருவது சீவல். வடிவத்தை அடைமொழியால் காட்டலாம். நாடாச் சீவல், சுருட் சீவல், பொடிச் சீவல் என மூன்று வகைகள் போதும்.

‘சிப் பிரேக்கர்’ இரு வேறு பொருள்களைக் குறிப்பதால், அதற்கு இரண்டு சொற்கள் தேவை. உளியின் மேல் தனித் துண்டாக வைத்து இறுக்கப்படுவதைச் ‘சீவல் முறிப்பான்’ எனலாம். உளியில் பொருத்தும் மாற்றத்தக்க வெட்டுமுனைகளான இன்றைய இன்சர்ட்டுகளின் முகத்திலேயே அமைந்து வரும் குழிவைச் ‘சீவல்முறிப் பள்ளம்’ என்றால்தான் அது தனிக் கருவி அன்று என்பது தெரியும். ஊட்டம், அதாவது ஒவ்வொரு சுற்றுக்கும் உளி முன்னேறும் தூரம், குறைவாக இருக்கையில் அந்தப் பள்ளம் பயன் தருவதில்லை. சீவல் மிக மெல்லியதாக வந்து, முறியாமல் வளைந்து வளைந்து நீளும். ஊட்டத்தைச் சற்றுக் கூட்டினால் சீவல் தடித்து, வளையும்போதே ஒடிந்துவிடும். (‘ஃபீட்’ என்பதற்கு ‘ஊட்டம்’ எனக்கு முழு நிறைவு தரவில்லை, அதைத் தனியே பேசலாம்.)

‘சிப் கன்வேயர்’ என்பதற்குக் ‘கடத்தி’ வேண்டாம். அது மின்சாரத்தைக் கடத்தும் பொருளுக்கு உரியது. தொட்டியின் அடியில் சேர்ந்ததை வாரி வெளியே கொட்டுவதால் ‘சீவல் வாரி’ என்பேன். நாடாச் சீவலை இழுத்து அகற்றும் கருவி, ஐயத்துக்கு இடமின்றிச் ‘சீவல் கொக்கி’.

சொற்களை வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்தான் அவற்றின் பொருத்தம் தெரியும்: ‘உருப்படி ஏந்தியில் சீவல் திரண்டிருந்தால் சுழற்சியை முற்றிலும் நிறுத்திய பின், கொக்கியால் மட்டுமே அகற்றுக, சீவலைக் கையால் இழுக்காதீர், அதன் விளிம்பு சதையை அறுக்கும்.’ பட்டறையில் பணிபுரிவோர் இதை வாய்விட்டுப் படித்து, எங்கே தடுக்கிறது என்று எழுதினால் பெரிதும் உதவும்.

ஒன்று மீதமிருக்கிறது. அறுபட்ட உருப்படியின் முகத்தில், நடுவில் எஞ்சி நிற்கும் சிறு முனைப்புக்கு இன்னும் பெயரில்லை. உளியின் முன்முனையைச் சற்றுச் சாய்வாக அமைத்தால் அது உருப்படியில் தங்காமல் கம்பியின் பக்கமே நின்றுவிடும் என்பதால், சாய்வை விளக்க அந்தப் பெயர் அவசியமாகிறது. ‘நடுமொட்டு’ என்று தற்காலிகமாகக் குறித்து வைத்திருக்கிறேன். இதைவிடக் குறுகிய சொல் இருந்தால் தெரிவியுங்கள்.