முழங்கால் வலிக்குக் கை வைத்து ஆற்றல் கொடுக்கிறார்களே, ஆராய்ச்சி ஏதாவது இருக்கிறதா?

கேள்வி: மாடிவீட்டுக்காரன்

அம்மாவுக்கு 63 வயது. இரண்டு முழங்காலும் தேய்மானம், அதோடு இடுப்பு வலியும் உண்டு. பக்கத்து வீட்டு அத்தை ஒரு ரெய்கி ஹீலரிடம் கூட்டிக்கொண்டு போனார். முக்கால் மணி நேரம் படுக்க வைத்து, முட்டிக்கு மேலே கையை வைத்துக்கொண்டு இருப்பாராம், அழுத்துவதோ தேய்ப்பதோ கிடையாது. நாலு தடவை போய்விட்டு வந்து வலி குறைந்திருக்கிறது, படி ஏற முடிகிறது என்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் அம்மா பொய் சொல்கிறவரும் இல்லை. இப்போது 21 தடவைக்கு மொத்தமாகப் பணம் கட்டச் சொல்கிறார்கள். ‘எனக்குச் சரியாச்சு’ கதைகள் வேண்டாம், முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

பதில்: சந்தேகசாமி

சோதித்திருக்கிறார்கள். ரெய்கி ஜப்பானில் மிகாவோ உசுய் தொடங்கியது. அமெரிக்காவில் 1970களில் டோலரஸ் கிரீகர் என்ற நர்சிங் பேராசிரியர் ‘தெரப்யூட்டிக் டச்’ என்று இதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தார். பெயரில்தான் டச், பெரும்பாலும் தொடுவதே இல்லை!

அதை வைத்து 1998இல் ஒரு சோதனை வெளியானது. செய்தது எமிலி ரோசா, செய்தபோது வயது 9. நடுவில் அட்டைத் தடுப்பு, ஹீலர் இரண்டு கைகளையும் ஓட்டை வழியாக நீட்ட வேண்டும், எமிலி காசு சுண்டிப் பார்த்து ஏதோ ஒரு கைக்கு மேலே தன் கையைக் கொண்டுபோவாள், எந்தக் கை என்று அவர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். 21 பேர், 280 முயற்சி, சரியாகச் சொன்னது 123. கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொன்னாலே 140 வந்திருக்கும்.

பதில்: ரெய்கி படித்தவள்

நான் இரண்டு நிலை முடித்தவள், அதனால் எனக்குச் சார்பு உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிறுமி சோதித்தது கையை உணர முடிகிறதா என்பதைத்தான், வலி குறைகிறதா என்பதை அல்ல. அதே 1998இல் முழங்கால் தேய்மானம் உள்ள 25 பேரை வைத்து ஒரு ஆய்வு வந்தது. தெரப்யூட்டிக் டச் சிகிச்சை பெற்றவர்களுக்குப் போலியாகக் கை காட்டப்பட்டவர்களைவிட வலி குறைந்தது, நடமாட்டமும் மேம்பட்டது. அதை ஏன் சொல்லவில்லை?

பதில்: சந்தேகசாமி

சரி, நியாயம்தான். ஆனால் 25 பேரை மூன்று குழுவாகப் பிரித்தால் குழுவுக்குச் சராசரியாக எட்டுப் பேர்தான், அதில் இரண்டு பேருக்கு நல்ல வாரமாக அமைந்துவிட்டால் முடிவே மாறிவிடும். 2008இல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு, பல வகை வலிகளுக்கு இந்த மாதிரிச் சிகிச்சை கொடுத்த 24 ஆய்வுகளை, 1153 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. பத்துக்கு இவ்வளவு வலி என்று சொல்லும் அளவுகோலில் சராசரியாக 0.83 குறைந்திருந்தது. ஒரு புள்ளிகூட இல்லை. போலிக் குழு விஷயம் வேடிக்கையானது: கையசைவு அச்சு அசலாக அதேதான், ஆனால் மனதை ஆற்றலில் வைக்கக் கூடாது என்பதற்காக 100இலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே செய்யச் சொன்ன ஆய்வுகள் உண்டு. நோயாளிக்கு எப்படித் தெரியும் இவர் 93, 86 என்று எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று!

பதில்: பிசியோ தம்பி

தினமும் முட்டி பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அம்மா சொல்வது உண்மையாகவே இருக்கும். தேய்மான வலி ஏறி இறங்கும், ஆட்கள் உச்சத்தில் இருக்கும்போதுதான் வைத்தியம் தேடிப் போவார்கள், அப்புறம் அது தானாக இறங்கும்போது பேர் கடைசியாகப் பார்த்தவருக்குப் போய்விடும். பாதி நேரம் அந்தப் பேர் எனக்கும் கிடைக்கிறது, மறுக்கவில்லை.

எதிர்பார்ப்புக்கும் பெரிய பங்கு உண்டு. 2002இல் ஹூஸ்டனில் 180 பேருக்கு முழங்காலில் ஆர்த்ராஸ்கோப்பி (சிறு துளை வழியாகக் குழாய் விட்டுச் செய்யும் ஆபரேஷன்) ஆய்வு நடந்தது. ஒரு குழுவுக்குத் தோலை மட்டும் கீறித் தைத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருடம் பார்த்ததில், நிஜ ஆபரேஷன் செய்தவர்கள் அவர்களைவிட எதிலும் மேலாக இல்லை. 2016இல் வெளிவந்த லிஸ்பன் ஆய்வு ஒன்றில் நாள்பட்ட முதுகு வலிக்காரர்களிடம் ‘இது வெறும் மாத்திரை, மருந்தே இல்லை’ என்று சொல்லியே கொடுத்தார்கள், மூன்று வாரத்தில் சுமார் 30 சதவீதம் வலி குறைந்தது.

அதனால் ரெய்கி போவதால் கெடுதல் இல்லை. என் கவலை வேறு: அம்மா முட்டிக்கான உடற்பயிற்சியை நிறுத்திவிட்டாரா?

மாடிவீட்டுக்காரன்

கேட்டேன். நிறுத்திவிட்டாராம், ‘அதான் குறைஞ்சிடுச்சே’ என்கிறார். 21 தடவைக்குக் கட்டவில்லை, வேண்டுமானால் மாதம் ஒருமுறை போகட்டும் என்று விட்டுவிட்டேன். அங்கே போனால் நிம்மதியாகப் படுத்திருக்கலாம், வீட்டில் யார் விடுகிறீர்கள் என்று ஒரு குத்தும் விழுந்தது.

பிசியோ தம்பி

அது சரிதானே, விடுங்கள். நாளையிலிருந்து இதைத் தொடங்கச் சொல்லுங்கள்: காலை நீட்டி உட்கார்ந்து, துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, தொடையை இறுக்கித் துண்டைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும், ஒரு காலுக்குப் பத்து, காலையும் மாலையும். எடையும் கொஞ்சம் குறைந்தால் நல்லது, ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல் சுமார் நாலு கிலோ பாரம் குறைகிறது. இடுப்பு வலியோடு கால் மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்பாடு தவறுவது என்று எது வந்தாலும் ஹீலரிடமும் போகாதீர்கள், என்னிடமும் வராதீர்கள், நேராக ஆஸ்பத்திரி. ஆறு வாரம் கழித்துப் படி எப்படி ஏறுகிறார் என்று எழுதுங்கள்.