வேண்டுமென்றே செய்கிறாள் என்று நான் நம்பிய மூன்று மாதங்கள்

கோவையிலிருந்து ஒரு தாய்

என் மகள் நான்காம் வகுப்பில் படித்தபோது, ஆடி மாதம் தொடங்கி ஏறத்தாழ மூன்று மாதங்கள், பள்ளி நாட்களில் காலை ஏழு மணியானால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். குழந்தை மருத்துவரிடம் காட்டினோம். ஸ்கேன், சிறுநீர்ப் பரிசோதனை, பூச்சி மாத்திரை எல்லாம் ஆயிற்று. எதிலும் குறை தெரியவில்லை. பள்ளி வேன் தெருமுனையைத் தாண்டிய அரை மணி நேரத்தில் வலி நின்று, தோசை கேட்பாள். இதை நாலைந்து முறை பார்த்ததும் என் மனத்தில் ஒரு முடிவு ஊன்றிவிட்டது: கணக்குப் பாடத்துக்குப் பயந்து வேண்டுமென்றே நடிக்கிறாள். அந்த முடிவுக்குப் பிறகு அவளுடைய முகத்தை நான் பார்க்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். என் முடிவுக்குச் சான்றுகளை மட்டுமே தேடிக்கொண்டிருந்தேன். சிரித்தால் ஏமாற்றிவிட்ட மகிழ்ச்சி, அழுதால் பிடிபட்ட அழுகை என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் பொருள் தயாராக இருந்தது.

மறைக்காமல் எழுத வேண்டிய ஒன்று உண்டு. அதற்கு முந்தைய வைகாசியில், நான்காம் மாதத்தில், என் கரு கலைந்தது. சின்னப் பிள்ளைக்கு எதற்குத் தெரிய வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னார்கள். எனக்கும் அது சரியென்றே பட்டது. அம்மாவுக்குக் காய்ச்சல் என்று அவளிடம் சொல்லிவிட்டோம். நான் அழுவதை அவள் பார்த்ததில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

மருத்துவரின் ஆலோசனைப்படி ஓர் உளவியல் ஆலோசகரைச் சந்தித்தபோது, வலி வரும் நேரத்தில் மகளின் மனத்தில் என்ன ஓடுவதாக நினைக்கிறீர்கள் என்று கேட்டார். ஒரே மூச்சில் பதில் சொன்னேன். அதே நேரத்தில் உங்கள் மனத்தில் என்ன ஓடுகிறது என்று அடுத்துக் கேட்டார். என்னால் ஒரு சொல்கூடப் பேச முடியவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வேறுபாடுதான் என்னை உறுத்தியது. அவளைப் பற்றி எனக்கு அவ்வளவு உறுதி, என்னைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து, ரெட்டைச் சடை பின்னிக்கொண்டிருந்தபோது, கண்ணாடியைப் பார்க்காமல், "உனக்குள்ள என்ன ஆகுதுன்னு அம்மாவுக்குத் தெரியலை கண்ணு, தெரிஞ்ச மாதிரியே பேசிட்டேன்" என்றேன். ஒரு சடை முடியும்வரை அவள் பேசவில்லை. பிறகு, "நான் ஸ்கூலுக்குப் போயிட்டா நீங்க தனியா அழுவீங்க" என்றாள். அவள் கணக்குக்குப் பயந்திருக்கவில்லை. எனக்குக் காவல் இருந்திருக்கிறாள். வேன் போன பிறகு வலி நின்றதும் அதனால்தான். அன்றைக்கு அம்மா தனியாக இல்லை என்பது அவளுக்கு உறுதியாகிவிடுமல்லவா? அதே காட்சியைத்தான் நான் நடிப்புக்குச் சான்றாக வைத்திருந்தேன்.

நாகப்பட்டினம் மாவட்டத்திலிருந்து ஒரு தந்தை

சகோதரி, உங்கள் பதிவைப் படித்த பிறகே எழுதத் துணிந்தேன். ஷார்ஜாவில் 11 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பினேன். அப்போது மகன் பிளஸ் ஒன். நான் கூடத்துக்கு வந்தால் அவன் எழுந்து அறைக்குள் போய்விடுவான். ஊரில் நாலு பேர் முன்னால் கேட்டதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வான். இவன் என்னை மதிக்கவில்லை, சம்பாதித்து அனுப்பிய பணத்தின் திமிர் இது என்று நான் தீர்மானித்தேன். ஒரு நாள் வண்டிச் சாவியை மேசைமேல் எறிந்தான் என்பதற்காகக் கன்னத்தில் அறைந்துவிட்டேன். என் மனைவி பல மாதங்களாக எங்கள் இருவருக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர் போல நின்று, "அவன் அந்த அர்த்தத்துல சொல்லலைங்க", "அப்பா கோவத்துல சொன்னது, மனசுல வெச்சுக்காதடா" என்று இரு பக்கமும் பேசிப் பேசிக் களைத்துப்போயிருந்ததை நான் அப்போது கவனிக்கவே இல்லை.

அறைந்த அன்றிரவு அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வெள்ளிக்கிழமை வீடியோ அழைப்பில் 11 வருடமும் மார்க்கைத் தவிர வேறு என்ன கேட்டீர்கள் என்றாள். எனக்கு மூச்சடைத்தது. வீட்டில் புதிதாக வந்து தங்கிவிட்ட ஒரு மனிதரிடம், அப்பா என்ற பெயர் இருப்பதாலேயே, எப்படிப் பழகுவது என்று அந்தப் பையனுக்குத் தெரியவில்லை என்பது என் புத்தியில் உறைக்கவே இல்லை. மறுநாள் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை.

சகோதரி, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஒன்று கேட்கிறேன். உங்கள் பதிவில் கணவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர் மனத்தில் என்ன இருந்தது?

திருச்சியிலிருந்து ஒரு பள்ளி உளவியல் ஆலோசகர்

இரண்டு பதிவுகளிலும் பெற்றோரைத் தடுக்கி விழவைத்தது அறியாமை அன்று, உறுதி. எங்கள் துறையிலும் இது பேசப்படுவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

லண்டனில் பீட்டர் ஃபோனகி, ஹோவர்ட் ஸ்டீல், மிரியம் ஸ்டீல் ஆகிய உளவியலாளர்களின் குழு, முதல் குழந்தையை எதிர்பார்த்திருந்த 100 தாய்மாரிடமும் 100 தந்தையரிடமும் பேறுகாலத்துக்கு முன்பே விரிவான நேர்காணல் நடத்தியது. மேரி மெயினும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவில் உருவாக்கிய அந்த நேர்காணல், பிறக்கப்போகும் குழந்தையைப் பற்றியதன்று. பெற்றோர் ஆகப்போகிறவரின் சொந்தக் குழந்தைப் பருவத்தைப் பற்றியது. உங்கள் தாயோடு உங்களுக்கிருந்த உறவை ஐந்து சொற்களில் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு நினைவைக் கேட்பார்கள். பிறகு குழந்தை பிறந்து 12 மாதத்தில் தாயோடும் 18 மாதத்தில் தந்தையோடும் அது எவ்வளவு பாதுகாப்பாக உணர்கிறது என்பதைப் பார்த்தார்கள். தன் பெற்றோர் அன்று ஏன் அப்படி நடந்தார்கள், அவர்கள் மனத்தில் என்ன இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க முடிந்தவர்களின் குழந்தைகளிடம் அந்தப் பாதுகாப்புணர்வு கூடுதலாக இருந்தது. 1991இல் வந்த கட்டுரையில் இதை எழுதினார்கள். மகிழ்ச்சியான குழந்தைப் பருவம் வாய்த்தவர்களுக்கு மட்டும் உரிய திறன் அன்று இது என்பதுதான் அதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது.

பின்னாளில், 2017இல், பேட்ரிக் லைட்டனும் அவருடைய சகாக்களும் பெற்றோருக்கான 18 வாக்கியங்கள் கொண்ட ஒரு வினாப்பட்டியலை வெளியிட்டார்கள். குழந்தையின் மனத்தில் ஆர்வம் எவ்வளவு என்பதை மட்டும் அது அளப்பதில்லை. குழந்தை தன்னைச் சங்கடப்படுத்தவே அழுகிறது என்பதுபோலத் தீய நோக்கம் கற்பிக்கும் போக்கையும், குழந்தை ஏன் அப்படிச் செய்கிறது என்பது எப்போதும் எனக்குத் தெரியும் என்னும் உறுதியையும் தனித்தனியே பார்க்கிறது. "வேணும்னே பண்றா" என்ற நம் வீட்டு வாக்கியத்தில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. குறிப்பறிதல் என்று நம் மொழியில் அழகான சொல் இருக்கிறது. அறிய வேண்டிய குறிப்பு எதிரே இருப்பவரிடம் இருக்கிறது என்பதை அந்தச் சொல்லே சொல்கிறது.

தந்தைக்கு ஒன்று. எட்வர்ட் ட்ரானிக் என்ற உளவியலாளர் தாய்மாரையும் கைக்குழந்தைகளையும் நேருக்கு நேர் உட்கார வைத்து ஆராய்ந்தபோது, நன்றாக ஒட்டியிருக்கும் இணைகள்கூடப் பத்தில் மூன்று பங்கு நேரம் அளவுக்கே ஒருவரோடு ஒருவர் இசைந்திருந்தார்கள். மற்ற நேரமெல்லாம் பிசகுவதும் சரிசெய்துகொள்வதுமாகவே கழிந்தது. நீங்கள் மறுநாள் கேட்ட மன்னிப்பை அவன் வாங்கிக்கொண்டான் என்றே நான் எண்ணுகிறேன், ஆனால் அதுவும் என் ஊகம்தான். அவனிடமே கேட்க வேண்டியது.

அடுத்தவர் மனத்தை எண்ணிப் பார்க்கும் இந்தத் திறன் தூக்கமின்மையாலும் கடன் தொல்லையாலும் துக்கத்தாலும் எவருக்கும் குன்றும். அதனால் தாயை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு இந்த ஆய்வுகளைப் பயன்படுத்துவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

சேலத்திலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை

நாங்கள் ஒரே வீட்டில் ஒன்பது பிள்ளைகளாக வளர்ந்தோம். எங்கள் அம்மாவுக்கு யார் மனத்தையும் கேட்க நேரமில்லை. ஆனால் விதவையாகத் திரும்பி வந்த ஓர் அத்தை இருந்தார். யார் சாப்பிடாமல் எழுந்தாலும் பின்னாலேயே கிணற்றடிக்கு வந்து, காரணம் கேட்காமல், பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடிப்பார். சற்று நேரத்தில் நாங்களே சொல்லிவிடுவோம். இன்று அந்த அத்தையின் வேலையையும் தாய் தகப்பனே செய்ய வேண்டியிருக்கிறது. அத்தையின் மனத்தை நாங்கள் ஒருவரும் ஒரு நாளும் கேட்டதில்லை என்பது எழுபது வயதில் எனக்கு வலிக்கிறது.

கோவையிலிருந்து அதே தாய்

நாகையிலிருந்து எழுதிய அண்ணா கேட்ட கேள்வியை இரண்டு நாட்களாக மனத்தில் வைத்துக்கொண்டிருக்கிறேன். கரு கலைந்ததைப் பற்றி மகளிடம் தீபாவளிக்கு முன்பே, அவளுக்குப் புரியும் சொற்களில், சொல்லிவிட்டோம். பாப்பாவுக்குப் பெயர் வைத்தீர்களா என்று மட்டும் கேட்டாள். வயிற்றுவலி அதன்பின் மெல்லக் குறைந்தது. இப்போதும் எப்போதாவது வருகிறது, வந்தாலும் பெரும்பாலும் பள்ளிக்குப் போய்விடுகிறாள்.

ஆனால் கணவரிடம் நான் கேட்டதே இல்லை. அந்த வைகாசிக்குப் பிறகு அவர் காலை ஆறு மணிக்கே மில்லுக்குக் கிளம்பத் தொடங்கினார். மறந்துவிட்டார், ஆண்களுக்கு அவ்வளவுதான் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். மகள் விஷயத்தில் பட்ட பிறகும் இவர் விஷயத்தில் அதே உறுதியோடு ஓராண்டுக்கு மேல் இருந்திருக்கிறேன். நேற்றிரவு கேட்டேன். நான் பேச்செடுக்கட்டும் என்று காத்திருந்ததாகவும், தான் தொடங்கினால் எனக்கு மறுபடி அழுகை வருமோ என்று பயந்ததாகவும் சொன்னார். பிறகு வாசலுக்குப் போய் வண்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்தார். ஆர்.சி. புத்தகத்துக்கும் இன்சூரன்ஸ் தாளுக்கும் நடுவே, நான் கிழித்துப் போட்டுவிட்டதாக நினைத்திருந்த அந்த முதல் ஸ்கேன் தாளை நான்காக மடித்து வைத்திருந்தார்.