பேணுவிமானமா, நிலைவிமானமா? ஒரு கலைச்சொல் விவாதம்

செ., அரக்கோணம்:

குழுவினருக்கு வணக்கம். எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை அடுத்த மாதம் விசாகப்பட்டினத்துக்கு அழைத்துச் செல்கிறோம். கடற்கரைச் சாலையில் அருங்காட்சியகமாக நிற்கும் டியூ-142 விமானத்தை அவர்களுக்குக் காட்ட வேண்டும். 1992 முதல் எங்கள் ஊர் ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து பறந்து, 2017 மார்ச் 29 அன்று அங்கேயே விடைபெற்ற விமான வகை அது. ஆகவே எங்களுக்கு அது சொந்த ஊர்க்காரர் மாதிரி. கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் ‘பிரிசர்வ்டு மிலிட்டரி ஏர்கிராஃப்ட்’ என்பதைப் ‘பாதுகாக்கப்பட்ட போர்விமானம்’ என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த மாணவி ஒருத்தி, “யாரிடமிருந்து ஐயா பாதுகாக்கிறார்கள்?” என்று கேட்டுவிட்டாள். அன்புகூர்ந்து நல்ல சொல் ஒன்று தாருங்கள்.

மா., கோயம்புத்தூர்:

அந்த மாணவிக்கு என் பாராட்டு. முதலில் ‘போர்விமானம்’ என்பதை மாற்றிவிடுங்கள். டியூ-142 நீர்மூழ்கிகளைத் தேடிக் கடலைக் கண்காணித்த விமானம். வானில் எதிரி விமானத்தோடு மோதுவதற்குச் செய்யப்பட்டதன்று. ‘படைவிமானம்’ என்றால் இரண்டு வகையும் அடங்கும். அடுத்து, ‘பதப்படுத்திய’ என்று எவரேனும் சொல்வதற்கு முன்பே தடுத்துவிடுகிறேன். அது ஊறுகாய்க்கு உரியது. ஆனால் ஊறுகாயிடமிருந்து இலக்கணத்தைக் கடன் வாங்கலாம். ஊறிய, ஊறுகின்ற, ஊறும் காய் என முக்காலமும் காட்டும் வினைத்தொகை அது. அவ்வாறே பேணிய, பேணுகின்ற, பேணும் விமானம் ‘பேணுவிமானம்’ ஆகட்டும். கடற்காற்றின் உப்பில் நிற்கும் விமானத்தை ஒருமுறை பேணினால் போதாது, நாள்தோறும் பேண வேண்டும் என்பதையும் இச்சொல் உள்ளடக்கிக் காட்டுகிறது.

க., சென்னை:

ஐயா, ஊறுகாயில் ஊறுவது காய். பேணுவிமானத்தில் பேணுவது விமானமா?

மா., கோயம்புத்தூர்:

குடிநீரில் குடிப்பது நீரா?

இ., தஞ்சாவூர்:

இருவரும் ‘விமானம்’ என்ற வடசொல்லைக் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டு தொகையைப் பற்றி வாதிடுவது வியப்பளிக்கிறது. எங்கள் ஊரில் விமானம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பெரிய கோயிலின் விமானம். 2020இல் வான்படையின் சுகோய்-30 போர்விமான அணி இங்கு வந்த பிறகும் அப்படித்தான். புறநானூற்றின் 27ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், புலவர் பாடும் புகழுடையோர் ‘வலவன் ஏவா வான ஊர்தி’ எய்துவர் என்று நலங்கிள்ளிக்குச் சொல்கிறார். செலுத்துவோன் இல்லாத, புகழுடையோர்க்கு மட்டுமே வாய்க்கும் ஊர்தி அது. பீடத்தின் மேல் ஏறி நிற்கும் பழைய படைவானூர்திக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எங்கே கிடைக்கும்? ‘ஏவாவூர்தி’ என்று கொள்ளலாம். அல்லது வீரனுக்கு நட்ட கல் நடுகல் ஆனதைப் போல, வாயிலில் நட்ட வானூர்தியை ‘நடுவானூர்தி’ என்று சொல்லலாம்.

க., சென்னை:

‘ஏவாவூர்தி’ என்று அச்சிட்டால் மாணவர்கள் டிரோன் என்றே படிப்பார்கள். ‘நடுவானூர்தி’யோ நடுவானத்தில் அல்லவா பறக்கிறது! பீடத்தில் நிற்பதற்கு நேர் எதிரான பொருள். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் நிறுத்தியிருந்த, பணி முடித்த இரண்டு விமானங்கள்தாம் மாணவராயிருந்த அப்துல் கலாமை வானூர்திப் பொறியியல் பக்கம் ஈர்த்தன. அவை பாடம் கற்பிக்க வைக்கப்பட்டவை. அவற்றையும் நடுகல் என்று சொல்ல முடியுமா?

ப., லண்டன்:

விமான அருங்காட்சியகங்களைச் சுற்றி வருவதையே விடுமுறைத் தொழிலாகக் கொண்டவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். சொல்லைத் தேடுமுன் பொருளை வகைப்படுத்த வேண்டும். பிரித்தானிய வான்படையின் நினைவுப் பறப்பு அணியிடம் உள்ள லாங்காஸ்டர் என்ற பழைய குண்டுவீச்சு விமானம் இன்றும் பறக்கிறது. பறக்கும் நிலையில் உலகில் இருக்கும் இரண்டில் அது ஒன்று, மற்றது கனடாவில் உள்ளது. அதுவும் பேணப்பட்ட விமானம்தான். மாறாக, இங்குள்ள வான்படைத் தளங்களின் வாயில்களில் நின்ற உண்மையான ஸ்பிட்ஃபயர் போர்விமானங்கள் பல, 1980களின் இறுதியில் இறக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் கண்ணாடியிழைப் படிமங்கள் ஏற்றப்பட்டன. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. அருகில் சென்று உலோகத் தகடுகளைப் பிணைக்கும் இணைப்பாணிகளின் (ரிவெட்) வரிசைகளைத் தேடுபவருக்கு ஏமாற்றமே. ஆகவே பேணுதல் வேறு, நிற்றல் வேறு, போலி வேறு.

நின்றுவிட்டவற்றுக்கு நம் ஊர்த் தேரிடம் சொல் இருக்கிறது. ஓட்டம் முடிந்தால் ‘தேர் நிலைக்கு வந்தது’ என்கிறோம். நிலைக்கு வந்த விமானம் ‘நிலைவிமானம்’.

மா., கோயம்புத்தூர்:

அழகான சொல், மறுக்க மாட்டேன். ஆனால் நிலைக்கு வந்த தேர் அடுத்த ஆண்டு திருவிழாவில் மீண்டும் புறப்படும். அதை நம்பித்தான் ஊரார் வடத்தைச் சுருட்டி வைக்கிறார்கள். தங்கள் சொல் அந்த லாங்காஸ்டருக்குத்தான் பொருந்துகிறது.

ப., லண்டன்:

ஓடாமல் பல்லாண்டு நிலையிலேயே நின்ற தேர்களும் தமிழ்நாட்டில் உண்டு, ஐயா.

செ., அரக்கோணம்:

அன்பர்களே, இன்று புதன். வந்த மடல்களை எண்ணிப் பார்த்ததில் பெரும்பான்மை ‘பேணுவிமானம்’ பக்கம் இருக்கிறது. அதில் பாதிப் பேர் களைப்பினால் ஒப்புக்கொண்டவர்கள் என்பதும் தெரிகிறது. முதல் இடத்தில் ‘பணி முடித்து, காட்சிக்காகப் பேணப்படும் படைவிமானம்’ என்று விரித்து எழுதிவிட்டு, அதன் பிறகு ‘பேணுவிமானம்’ என்று சுருக்கப் போகிறேன். ‘நிலைவிமானம்’ ஒரே ஒரு படக்குறிப்பில் இடம்பெறும்: விசாகப்பட்டினத்து விமானம் தானே பறந்து அவ்வூர் சென்று, அங்கே பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டுக் கடற்கரையில் மீண்டும் பூட்டப்பட்டது என்று சொல்லும் இடத்தில். நான்கு பொறிகள், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரண்டு சுழலிகள், ஆக எட்டு. இதை மாணவர்கள் எண்ணி எழுத வேண்டும் என்று ஒரு பயிற்சியும் வைத்திருக்கிறேன். சாலைக்கு அப்பால் குர்சுரா நீர்மூழ்கி அருங்காட்சியகம் இருக்கிறது. தேடியதும் தேடப்படுவதும் எதிரெதிரே நிற்பதற்கு எவரும் சொல் கேட்கவில்லை என்பது ஆறுதல்.

இ., தஞ்சாவூர்:

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். ‘விமானம்’ இருக்கும்வரை இச்சொல்லை நான் ஏற்க மாட்டேன். குறைந்தது ‘பேணுவானூர்தி’ என்றாவது அச்சிடுங்கள்.

க., சென்னை:

அது ‘பேணுவான் ஊர்தி’ என்று பிரியுமே!

இ., தஞ்சாவூர்:

பிரியட்டும். பேணுகிறவனுடைய ஊர்தி என்பதில் பொருட்குற்றம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.