சுவிஃப்ட் ஸ்போர்ட்டுக்கு 92ஆ, 95ஆ? திருகோணமலைப் பக்கத்து அனுபவங்கள்

உப்புவெளி:

யப்பானிலிருந்து இறங்கின சுவிஃப்ட் ஸ்போர்ட், 1.4 லீற்றர் டர்போ, இசட்சி 33 எஸ். பெற்றோல் விலை மாறுகிற ஒவ்வொரு தடவையும் இந்தக் காருக்கு 92 ஒக்டேன் பெற்றோல் போதுமா, 95 வேணுமா என்ற கேள்வி எழும்புது. கழற்றிப் பார்த்தவர்கள், அளந்து பார்த்தவர்கள் கண்டதைச் சொல்லுங்கோ. "95 அடிச்சால் இழுவை கூடும்" என்பதோடு நிற்காமல், ஏன் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

சீனன்குடா:

முதலில் பெற்றோல் மூடியைத் திறந்து உட்பக்கத்து ஸ்டிக்கரைப் பாருங்கோ, தம்பி. 'ஹைஒக்கு' என்ற நாலெழுத்து யப்பான் சொல் இருந்தால் அது உயர் ஒக்டேன் கேட்கிற கார். ஸ்டிக்கர் உரிந்திருந்தால் கைநூலில் இருக்கும். யப்பானியத் தரநிலையில் சாதாரணப் பெற்றோலுக்கு ஆகக்குறைந்த ஒக்டேன் 89, உயர் ரகத்துக்கு 96. அப்படியென்றால் எங்கட 92, அங்கத்தைய சாதாரண ரகத்தின் எல்லையைத் தாண்டி நிற்கிறது. ஆனால் எங்கட 95, அவர்களுடைய உயர் ரகத்தின் அடிமட்டத்தைக்கூட எட்டவில்லை. இந்தக் காருக்கு 95 சொகுசு இல்லை என்று நான் சொல்வது இதனால்தான். இங்கே கிடைப்பதில் அது கேட்பதற்குக் கிட்ட வருவது 95. ஐரோப்பாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போன இதே காருக்கு 95 போதும் என்று போட்டிருப்பதால் பயப்படவும் தேவையில்லை.

அமெரிக்கக் குறிப்புகளை வாசிக்கிறவர்கள் கவனம். அங்கே பம்பில் எழுதுகிற எண் வேறு கணக்கு. அவர்களுடைய 87 எங்கட கணக்கில் ஏறக்குறைய 91, 92 வரும். "87 போதுமாம், அப்ப 92 தாராளம்" என்று முடிவெடுத்தால் பிழையாகிவிடும்.

ஒக்டேன் என்பது பெற்றோலின் சக்தி இல்லை, தானாகத் தீப்பிடிக்காமல் தாக்குப்பிடிக்கிற குணம். இந்த எஞ்சினின் அமுக்க விகிதம், அதாவது சிலிண்டருக்குள் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற எண், 9.9தான். பார்க்கச் சின்ன எண். ஆனால் டர்போ காற்றைத் திணித்துத் தருவதால் உள்ளே ஏறுகிற அழுத்தமும் சூடும் பெரிசு. 230 நியூட்டன் மீற்றர் முறுக்கு நிமிடத்துக்கு 2500 சுற்றிலேயே வந்துவிடுகிறது. பிளக் பற்றவைத்த சுவாலை சிலிண்டரின் மூலைக்குப் போய்ச் சேருமுன், மூலையில் மிஞ்சின கலவை தானாக வெடித்தால் அதுதான் நொக்கிங். தகரப் பேணிக்குள் சிறு கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரிச் சத்தம் கேட்கும்.

92 ஊற்றினவுடனே எஞ்சின் உடைந்துபோகாது. நொக் சென்சர் அதிர்வைப் பிடிக்கும், கணினி தீப்பொறி நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும். சத்தம் அடங்கும், கூடவே இழுவையும் அடங்கும். நேரம் பிந்தி எரிவதால் சைலன்சர் பக்கம் சூடு ஏறும். டர்போவும், புகையைச் சுத்தமாக்குகிற கற்றலிற்றிக் கொன்வேட்டரும் அந்தச் சூட்டில்தான் வேகும். சத்தம் கேட்கவில்லை, அதனால் கேடில்லை என்று நினைக்கக் கூடாது.

கச்சான் வீசுகிற காலத்தில், நாலு பேரை ஏற்றி, ஏசியும் போட்டு, கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் ஆறாம் கியரில் 60இல் போய்க்கொண்டு அக்ஸிலேட்டரை முழுதாக மிதிப்பது 92க்கு ஆகக் கடினமான சோதனை. ஒரு கியர் இறக்கினால் பாதிப் பிரச்சினை இல்லை.

கிண்ணியா:

அண்ணன் சொன்னதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 'ஆர்எஸ்' என்று பின்னால் எழுதியிருக்கு என்பதற்காக விட்ஸ் ஆர்எஸ்ஸுக்கும் மூன்றாம் தலைமுறை ஃபிட் ஆர்எஸ்ஸுக்கும் 95 ஊற்றுகிறார்கள். இரண்டுக்கும் யப்பானிலேயே சாதாரணப் பெற்றோல்தான். 92 தாராளம். 95 ஊற்றுவது வீண் செலவு, காருக்குத் தெரியக்கூடத் தெரியாது. பழைய 1.6 சுவிஃப்ட் ஸ்போர்ட்டில் டர்போ இல்லை, ஆனால் அமுக்க விகிதம் 11ஐத் தொடுகிறது. அதுவும் உயர் ஒக்டேன் கேட்கிற கார்தான். டர்போ இல்லாததை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

நிலாவெளி:

அளந்து பார்க்க, காரின் கணினியை வாசிக்கிற ஒரு இஎல்எம் 327 ஓபிடி புளூடூத் துண்டும் கைபேசியும் போதும். டாங்கி கால்வாசிக்குக் கீழே இறங்கினபிறகு மற்ற ரகத்தை நிரப்புங்கோ. நிரப்பினவுடன் அளந்தால் பொய்க்கணக்கு வரும். கணினி பழகுவதற்கு 100 கிலோமீற்றராவது ஓடவேணும். பிறகு அதே வீதி, அதே விடியற்காலை, மூன்றாம் கியரில் 2000இலிருந்து 3000 சுற்றுவரை ஒரே சீராக மிதித்து, தீப்பொறி முன்நேரத்தையும் (பிஸ்டன் உச்சிக்கு வருமுன் எத்தனை பாகையில் பொறி வருகிறது என்பதை) உள்ளே போகும் காற்றின் வெப்பத்தையும் பதிவாக்குங்கோ. கைபேசி பக்கத்தில் இருக்கிறவர் கையில் இருக்கட்டும். ஒரே சுற்று, ஒரே மிதியில் 92க்குப் பாகை குறைந்தால் கணினி பின்வாங்குகிறது என்று அர்த்தம். காற்றின் வெப்பம் இரண்டு ஓட்டத்துக்கும் இடையில் 10 பாகை செல்சியஸ் வித்தியாசப்பட்டால் அந்த ஒப்பீட்டை எறியுங்கோ. டர்போவிலிருந்து வருகிற காற்றைக் குளிராக்கும் இன்டர்கூலரின் முகப்பில் பூச்சியும் தூசியும் அடைத்திருந்தாலும் 95இலேயே பாகை குறையும். அதைக் கழுவிவிட்டு அளவுங்கோ. நொக் சென்சர் கோளாறைச் சொல்கிற பி 0325 குறியீடு வந்தால் பெற்றோலைக் குறை சொல்லவேண்டாம். நொக் சென்சரின் போல்ட், கொனெக்டர், வயர் மூன்றையும் பாருங்கோ.

பணக் கணக்கு லேசு. 95இன் விலையை 92இன் விலையால் பிரியுங்கோ. ஒரு பேச்சுக்கு 92 ரூ. 300, 95 ரூ. 345 என்றால் 1.15 வரும். 92இல் லீற்றருக்கு 13 ஓடுகிற கார், செலவு சரிவர, 95இல் 14.95 ஓடவேணும். ஓட்டம் அவ்வளவு அதிகரிக்காது. 95 பம்படியில் காசை மீட்டுத் தராது, டர்போவைக் காப்பாற்றத்தான் அதை ஊற்றுகிறோம்.

சீனன்குடா:

ஒன்று விட்டுப்போச்சு. பெற்றோலை நேரே சிலிண்டருக்குள் பீச்சுகிற நேரடி ஊசி டர்போ எஞ்சின்களில் (இந்தக் காருடையதும் அதுதான்) குறைந்த சுற்றில் வருகிற முன்பற்றல் என்று வேறொரு வியாதி உண்டு. 1500, 2000 சுற்றில் பாரம் கொடுக்கும்போது பிளக் பொறி வருமுன்னமே கலவை பற்றும். நேரத்தைப் பின்னுக்குத் தள்ளிக் கணினியால் இதைத் தடுக்க முடியாது. ஒரேயொரு அடியில் பிஸ்டன் ரிங் இருக்கிற விளிம்பு உடைந்த எஞ்சின்கள் உண்டு. இதற்கு மருந்து ஒயிலில்தான். கைநூலில் சொன்ன தடிப்பில், டப்பாவில் ஏபிஐ எஸ்பி என்ற தர அடையாளம் போட்ட ஒயில். பழைய தரமான எஸ்என் ஒயில் இருப்பு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

ஒக்டேன் கூட்டும் போத்தல் மருந்தும் வேண்டாம். "10 புள்ளி கூடும்" என்று போத்தலில் இருந்தால் அது பெரும்பாலும் 1 ஒக்டேன்தான், 92 ஒருக்காலும் 102 ஆகாது. மங்கனீசு கலந்த மருந்து பிளக்கின் பீங்கானில் செம்மஞ்சளாகப் படியும். பிளக்கைக் கழற்றும்போது பீங்கானில் பொடி அலுமினியப் புள்ளிகள் தெரிந்தால், நொக்கிங்கில் பிஸ்டன் அரிபடத் தொடங்கிவிட்டது. உடனே நிறுத்திப் பார்க்கவேணும்.

"95 வால்வைக் கழுவும்" என்பதும் இந்தக் காருக்குப் பொருந்தாது. பெற்றோல் நேரே சிலிண்டருக்குள் பீச்சப்படுவதால் உள்ளெடுப்பு வால்வில் அது படுவதேயில்லை. பழைய 1.6இல் படும்.

உப்புவெளி:

பிழையாக 92 அடிபட்டுப்போனால் டாங்கியை இறக்கவேணுமா?

நிலாவெளி:

தேவையில்லை. கலந்தால் ஏறக்குறைய சராசரிதான் வரும். 20 லீற்றர் 92க்கு மேல் 15 லீற்றர் 95 விட்டால் 93.3. அந்த டாங்கி முடியும்வரை முழு மிதி வேண்டாம், பெரிய கியரில் திணறவிடவும் வேண்டாம், ஆளும் சாமானும் குறைவாக ஏற்றுங்கோ.

மாரி மழைக்குப்பிறகு நிரப்பி, சில கிலோமீற்றரிலேயே கார் இழுத்து விக்கி நின்றால் அது ஒக்டேன் இல்லை, தண்ணி. கொஞ்சப் பெற்றோலைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து வையுங்கோ. தண்ணி அடியில் கோடு கட்டி நிற்கும். அதற்குத்தான் டாங்கியை இறக்கவேணும்.

கிண்ணியா:

95 எல்லாச் செட்டிலும் இருக்காது, கொழும்புப் பயணத்தில் என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். இந்தக் காரின் டாங்கி 37 லீற்றர். லீற்றருக்கு 13 என்றால் 480 கிலோமீற்றர். கொழும்பு ஏறத்தாழ 260. புறப்படுமுன் இங்கேயே 95ஐ நிறைத்துக்கொண்டால் வழியில் எங்கேயும் 92க்கு நிறுத்தத் தேவையில்லை.