ஸ்பார்க் பிளக் மாத்தின பிறகு டர்போ வண்டி வெட்டி வெட்டி இழுக்குது

நாகர்கோவில்: என் வண்டி 1.0 லிட்டர், மூணு சிலிண்டர் டர்போ பெட்ரோல். 40,000 கி.மீ.ல மூணு பிளக்கும் மாத்தியாச்சு. வடசேரி, கோட்டாறுன்னு டவுனுக்குள்ள சுகமா ஓடுது. காவல்கிணறுல இருந்து ஆரல்வாய்மொழிக்கு ஆடிக்காத்துக்கு எதிரா வரும்போது, அஞ்சாவது கியர்ல மிதிச்சா 2000 ஆர்பிஎம் பக்கம் வெட்டுது. செக் எஞ்சின் விளக்கு மினுங்குது. ஸ்கேன்ல பி0302 கோடு, அதாவது ரெண்டாவது சிலிண்டர் சரியா எரியல. பிளக்குக்கு உயர் வோல்டேஜ் குடுக்குற காயிலா, பிளக்கா?

மார்த்தாண்டம்: விளக்கு மினுங்கும்போது மிதிக்காதீங்க அண்ணாச்சி. எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள்ள போய் எரிஞ்சு அதைக் காலி பண்ணிரும். பழசு, புதுசு ரெண்டுலயும் என்ன நம்பர்?

நாகர்கோவில்: ரெண்டும் என்ஜிகே கம்பெனி இரிடியம் பிளக். பழசுல நடுவுல 7, கடைசியில -8. புதுசுல 6, -11. மரை, நீளம் எல்லாம் ஒண்ணுதான்.

மார்த்தாண்டம்: அந்த -11 தான் வினை. அது கேப், அதாவது பொறி தாண்டுற இடைவெளி, 1.1 மி.மீ. உங்க வண்டிக்கு வேண்டியது 0.8. டர்போ காத்தை அமுக்கி உள்ள தள்ளும்போது அந்த நெருக்கத்துல பொறி தாண்ட வோல்டேஜ் கூட வேணும். டவுன்ல பூஸ்ட் (டர்போ தள்ளுற காத்தழுத்தம்) கம்மி, பொறி தாண்டிரும். எதிர்காத்துல, பெரிய கியர்ல பூஸ்ட் ஏறினதும் காயிலுக்கு மூச்சு முட்டுது. மூணுல எது கொஞ்சம் சோர்ந்த காயிலோ அது முதல்ல விடும், அதான் ரெண்டாவது சிலிண்டர் மட்டும் காட்டுது.

6-ம் சரியில்ல. அது பிளக்கோட சூட்டு நம்பர். என்ஜிகேல நம்பர் கூடக்கூட பிளக் குளிர்ச்சி, அதாவது முனைச் சூட்டை சீக்கிரம் வெளியேத்தும். 7 கேட்ட எஞ்சின்ல 6 போட்டா, தொடர்ந்து லோடு வாங்கும்போது முனை பழுத்து, பொறிக்கு முந்தியே பெட்ரோல் பத்திக்கும். பிஸ்டனுக்கு ஆபத்து. டென்சோ கம்பெனி பிளக்ல 22 தான் இந்த 7. பாஷ்ல கணக்கு தலைகீழ், நம்பர் கூடினா சூடு.

நாகர்கோவில்: 1.1-ஐத் தட்டி 0.8 ஆக்கலாமா?

மார்த்தாண்டம்: வேண்டாம். இரிடியம் முனை ஊசி மாதிரி, லேசா நெம்பினாலே உடையும். தட்டினாலும் 6, 7 ஆகாதே. மேனுவல்ல இருக்குற நம்பரையே மூணும் வாங்குங்க.

தக்கலை: 8 போட்டா இன்னும் நல்லதுன்னு சிலர் சொல்லுவாங்க. ரீமேப் பண்ணி (எஞ்சின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாத்தி) பூஸ்ட் ஏத்தின வண்டிக்குத்தான் அது. கம்பெனி செட்டிங்லயே இருக்குற வண்டியில, கொஞ்ச கொஞ்ச தூரமே ஓட்டினா கரி எரியாம முனையில அடைஞ்சிரும்.

மாட்டும்போது எஞ்சின் ஆறியிருக்கணும். கழத்துறதுக்கு முந்தி பிளக் குழியில காத்தடிச்சு மணலை ஊதிருங்க. கையாலயே கடைசி வரை முறுக்கி, அப்புறம் டார்க் ரெஞ்ச் (முறுக்கு அளவு காட்டுற ஸ்பானர்): 12 மி.மீ. மரைக்கு 15–20, 14-க்கு 25–30 நியூட்டன் மீட்டர். மரையில கிரீஸ் தடவாதீங்க, அதே டார்க்குல கூடுதலா முறுகி ஹெட்ல மரை இழுபடும். குழியில ஆயில் நின்னா, ஆயில் உள்ள வராம தடுக்குற டியூப் சீல் போயிருக்கு.

நாகர்கோவில்: பழைய பிளக்ல வெள்ளை பீங்கானைச் சுத்தி, இரும்பு ஓரத்துல பிரவுன் வளையம் இருக்கு. லீக்கா?

தக்கலை: இல்ல, கொரோனா கறை. உயர் வோல்டேஜுல ஆயில் துகள் ஒட்டுறது, கெடுதல் கிடையாது. சரியான பிளக் போட்டும் பி0302 வந்தா, ரெண்டாவது காயிலை மூணாவதுக்கு மாத்திப் பாருங்க. கோடு பி0303 ஆச்சுன்னா அந்தக் காயில்தான்.